பதினாறு பிள்ளைகளின் சிப்

பாறசாலை
13.7.1997

அன்புள்ள ஜாய் அண்ணனுக்கு,

லிஜி எழுதுகிறேன். மே மாதம் நீங்கள் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது ஒரு கல்யாணக் கார்டின் பின்பக்கத்தில் பதினாறு கட்டம் வரைந்தீர்கள். ஒரு நாள் ஒரே சிப்புக்குள் இத்தனை கணிப்பொறிகள் இருக்கும், அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி போடுவதுதான் என் ஆராய்ச்சி என்று சொன்னீர்கள். அப்பா தலையாட்டிவிட்டுத் தூங்கப் போனார். நான் அந்தக் கார்டை எடுத்து சயன்ஸ் புத்தகத்துக்குள் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அதனால்தான் வந்தது வினை. நவம்பரில் நெய்யாற்றின்கரையில் சாஸ்திர மேளா, பள்ளிக்கூடங்களின் அறிவியல் கண்காட்சி. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பொருள்தான் கொண்டுபோகலாம். என்ன செய்யலாம் என்று எங்கள் சயன்ஸ் ஆசிரியர் கனகதாஸ் சார் கேட்டு முடிக்கும் முன்பே அபிஜித், "எரிமலை" என்றான். போன வருடமும் எரிமலைதான், அதற்கு முந்தின வருடமும் எரிமலைதான். நான் எழுந்து, "சிப் செய்யலாம் சார்" என்றேன்.

"சிப்பா? எதுல செய்வே மக்கா, தீப்பெட்டியிலா?"

"பிள்ளைகள வச்சுச் செய்யலாம் சார். மைதானத்துல பதினாறு கட்டம் போடணும். கட்டத்துக்கு ஒரு ஆள். ஒவ்வொரு ஆளும் ஒரு கணிப்பொறி. சீட்டுதான் சேதி. கையோட கையா போவும்."

எப்படி என் வாயில் அது வந்தது என்று தெரியவில்லை. அபிஜித் பின்பெஞ்சிலிருந்து, "எலே, இது சயன்ஸா கபடியா?" என்றான். வகுப்பே சிரித்தது. நல்ல நகைச்சுவை என்பதால் நானும் சிரித்துவிட்டேன். கோபம் பிறகுதான் வந்தது.

சார் கடைசியில் சொன்னது இது: "அக்டோபர் கடைசியில எனக்க முன்னால ஓட்டிக் காட்டு. பத்து நிமிஷம் நிக்காம ஓடினா நெய்யாற்றின்கரைக்கு உங்களக் கொண்டுபோவேன். இடையில நின்னா எரிமலையாக்கும்."

பதினாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். அஸ்வதி, ஜிஜின் எல்லோரும் உண்டு. அவர்கள் என்னை நம்பி நிற்கிறார்கள், என்னிடமோ விதிகள் இல்லை. உங்கள் சிப்பில் யார் யாருக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.

உங்கள் தங்கை,
லிஜி


பெங்களூர்
25.7.1997

லிஜி,

கபடி என்றவனுக்கு என் பாராட்டைச் சொல்.

விதிகள் அதிகம் இல்லை. ஒரு பிள்ளைக்குத் தன் முன்னால், பின்னால், இடப்பக்கம், வலப்பக்கம் நிற்கும் நான்கு பேரை மட்டும்தான் தெரியும். சீட்டில் சேர வேண்டிய கட்டத்தின் எண் இருக்கட்டும். கையில் சீட்டு வந்ததும் அந்தக் கட்டத்துக்கு அருகே கொண்டுபோகும் பக்கத்து ஆள் யார் என்று பார்க்க வேண்டும். அப்படி இரண்டு பேர் இருந்தால், யார் கை காலியோ அவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் கையில் ஒரு சீட்டுதான்.

யாரும் நடக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. சிப்புக்குள் நீளமான கம்பி போட்டுத் தூரத்தில் இருப்பவனைக் கூப்பிட்டால் மின்சாரம் வீணாகும். பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்து அனுப்புவதே சிக்கனம். வேலை இல்லாத பிள்ளை உட்கார்ந்துகொள்ளட்டும். அதுவும் சிக்கனம். சீட்டு வரும்போது தோளைத் தொட்டால் எழுந்தால் போதும். யாராவது பள்ளிக்கு வராவிட்டால் அந்தக் கட்டத்தைச் சுற்றிப் போங்கள். என் வடிவமைப்பின் பெருமையே அதுதான்: நெரிசல் இருந்தால் வேறு வழி பார்க்கும்.

பத்து நிமிடம் என்ன, மத்தியானம் முழுக்க ஓடும். நிற்காது.

ஜாய்


பாறசாலை
17.8.1997

அன்புள்ள ஜாய் அண்ணனுக்கு,

நின்றுவிட்டது.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. பழைய காலண்டரை வெட்டி சீட்டு செய்திருந்தோம். சுண்ணாம்பில் கட்டம் போட்டோம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சீட்டு போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கை தட்டினோம், கை தட்டியதில் இரண்டு சீட்டுகள் கீழே விழுந்தன. ஜிஜின் உட்காருகிற விதியை மிகவும் விரும்பினான். தோளைத் தொட்டும் எழவில்லை, உண்மையாகவே தூங்கிவிட்டான். அவன் கட்டத்தைச் சுற்றிச் சீட்டுகள் போயின. நீங்கள் சொன்னது சரி.

பிறகு ஜிஜினை எழுப்பிவிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பிப் பார்க்கலாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் நடுவில் நாலு பேர் சிலை போல நின்றார்கள். அஸ்வதி, பக்கத்தில் ஜிஜின், அவனுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பக்கத்தில் நான். நான்கு பேர் கையிலும் சீட்டு.

"வாங்கு ஜிஜின்," என்றாள் அஸ்வதி.

"எங்கெ வாங்க? எனக்க கையில இருக்கே. இவ வாங்கினாத்தானே."

"நான் லிஜிக்கு நீட்டிட்டு நிக்கேன். அவ வாங்கல்லியே."

"நான் அஸ்வதிக்காக்கும் நீட்டுதேன்," என்றேன்.

அஸ்வதி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வட்டம் முடிந்துவிட்டது. எங்கள் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். அபிஜித் சைக்கிளில் சாய்ந்து நின்று, "எரிமலைக்கு சிமென்ட் வாங்கட்டா?" என்று கேட்டான்.

அண்ணா, உங்கள் சிப்பும் இப்படி நிற்குமா? எனக்குப் பயமாக இருந்ததால் சரசம்மா பெரியம்மாவிடம் கேட்டேன். உங்கள் அம்மா அல்லவா, அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

லிஜி


பெங்களூர்
30.8.1997

லிஜி,

என் அம்மாவுக்கு என் சிப்பைப் பற்றி எதுவும் தெரியாது. சபையின் பெண்கள் ஐக்கியத்தை மட்டும்தான் தெரியும். நீ கேட்டதும் பயந்துபோய் அங்கே ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது வீட்டுக்கு வீடு வளர்ந்து என் படிப்பே நின்றுபோனதாக ஆகி, சுவாமிதாஸ் மாமா நேற்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு என் விடுதிக்கு வந்து, "படிப்ப விட்டுட்டு வீட்டுக்கு வாறியா மக்கா, ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அறை நண்பர்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

உங்கள் மைதானத்தில் நின்றது பிள்ளைகளால். என் வடிவமைப்பில் அப்படி நடக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. எனக்கு நவம்பரில் ஆராய்ச்சிக் குழுவின் முன்னால் பேச வேண்டியிருக்கிறது. இனி இதற்கெல்லாம் நேரம் இல்லை. எரிமலையும் நல்ல சயன்ஸ்தான்.

ஜாய்


பாறசாலை
12.9.1997

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஐக்கியத்தில் ஜெபத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக நன்றி சொல்லி ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள்.

எங்கள் பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். விதியை மீறியது யாரும் இல்லை. ஓண விடுமுறையிலும் வந்து நின்றார்கள். கொஞ்சம் பேர் அனுப்பினால் ஓடுகிறது. எல்லோரும் ஒன்றாக அனுப்பினால் நின்றுபோகிறது. எப்போதும் வட்டமாகத்தான் நிற்கிறது. யார் யார் கையில் எந்த எண் சீட்டு இருந்தது என்று படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பதில் எழுத வேண்டாம், உங்களுக்கு நேரம் இல்லை. படத்தைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அபிஜித் சிமென்ட் வாங்கிவிட்டான்.

இப்படிக்கு,
லி. லிஜி, ஒன்பதாம் வகுப்பு


பெங்களூர்
24.9.1997

என் அன்புத் தங்கை லி. லிஜிக்கு,

இனிஷியலோடு கையெழுத்துப் போடும் அளவுக்குக் கோபம் என்றால் நான் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இங்கே கணிப்பொறியில் என் சிப்பை ஓட்டிப் பார்க்க முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். இதுவரை கொஞ்சம் பேர் அனுப்புவது போலத்தான் ஓட்டியிருந்தேன். நேற்று என் முறை வந்தபோது, உன் படத்தில் உள்ளபடியே எல்லோரும் ஒன்றாக அனுப்புவது போல வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் நான்கு பெட்டிகள் வட்டமாக நிற்கின்றன. அஸ்வதி, ஜிஜின், பெயர் தெரியாத ஒருத்தி, நீ. சிரிப்பு வந்தது, நவம்பரில் பேச வேண்டியது நினைவுக்கு வந்ததும் அது நின்றது. உங்கள் பிள்ளைகள் மேல் நான் போட்ட பழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொருவருக்கும் சீட்டு வாங்க இன்னோர் இடம் வேண்டும். உங்களுக்கு அது இடது கை. வலது கை நிறைந்திருந்தால் மட்டும் இடது கையில் வாங்கலாம். ஆனால் இடது கைக்குக் கொடுப்பவருக்கு ஒரு கண்டிப்பு: முதலில் பக்கவாட்டில்தான் அனுப்ப வேண்டும். சீட்டு சேர வேண்டிய கட்டத்துக்கு நேராக வந்த பிறகே முன்னாலோ பின்னாலோ அனுப்பலாம். அப்படிச் செய்தால் இடது கைகளுக்குள் வட்டம் உண்டாகவே முடியாது. எப்போதும் ஒரு வழி திறந்திருக்கும்.

நான் இதை முதலிலேயே சேர்க்காததற்குக் காரணம் மின்சாரம். கை இரண்டானால் செலவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிக்கனமான சிப் என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் இல்லை. என் கதை இருக்கட்டும், உனக்கு அந்தக் கவலை இல்லை. இடது கையை நீட்டச் சொல், ஓடிவிடும்.

ஜாய்


பாறசாலை
6.10.1997

அன்புள்ள ஜாய் அண்ணனுக்கு,

உங்களுக்குக் கணிப்பொறிகளைத் தெரிகிறது, ஒன்பதாம் வகுப்பைத் தெரியவில்லை. இடது கையை யாரும் நீட்டமாட்டேன் என்கிறார்கள்.

"பீச்சாங்கையாலயா? எங்க அம்மை அறிஞ்சா அந்தக் கையில சூடு வைக்கும்," என்றாள் அஸ்வதி.

"சீட்டுதானே அஸ்வதி, சாமி பிரசாதமா?"

"சீட்டுல எழுத்து இருக்குல்லா? எழுத்த எடது கையால வாங்கினா படிப்பு வராது."

ஜிஜின் தர்க்கம் வேறு. அவன் ஆலயத்தில் காணிக்கைப் பை பிடிக்கிறவன். "நான் எடது கையால வாங்குதத சபையில ஒரு ஆள் கண்டாப் போரும். பிறவு பை எனக்க கையில வராது." இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் பார்த்தாள், வாங்கியதும் கூசிப்போய்ச் சீட்டைப் போட்டுவிட்டாள். நானே அஸ்வதியிடம் இடது கையை நீட்டினேன். என் கை பாதியில் நின்றது, அண்ணா. உடம்புக்கே பிடிக்கவில்லை.

கையில் கைக்குட்டை கட்டிப் பார்த்தோம். சீட்டு வழுக்கியது. சார் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டே போகிறார். அபிஜித்தின் எரிமலைக்குச் சிவப்பு வர்ணம் அடித்தாகிவிட்டது. நல்ல எரிமலைதான், அதுதான் எரிச்சல். சாருக்கு ஓட்டிக் காட்டும் நாள் நெருங்குகிறது. நான் தோற்றால் பரவாயில்லை. ஓண விடுமுறையை விட்டுவிட்டு வெயிலில் நின்றவர்களிடம் என்ன சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.

லிஜி


பாறசாலை
27.10.1997

அன்புள்ள ஜாய் அண்ணனுக்கு,

உங்கள் பதில் வரும் முன்பே எழுதுகிறேன், பொறுக்க முடியவில்லை.

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து அசன விருந்து. ஊர் முழுவதும் பந்தியில் இருந்தது, அஸ்வதி வீட்டாரும் வந்திருந்தார்கள். அவள் எனக்குப் பக்கத்து இலை. தங்கையன் மாமா வரிசையாகத் தண்ணீர் டம்ளர் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வரிசையின் முதல் இலைக்காரரிடம் கொடுத்து, "அப்படியே கை மாத்தி விடுங்க மக்களே" என்றார். டம்ளர் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தது. அஸ்வதி வாங்கி எனக்குத் தந்தாள். நான் வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கப் போனேன். அப்போதுதான் பார்த்தேன்.

"அஸ்வதி, இப்ப எந்தக் கையால தந்தே?"

அவள் தன் கையைப் பார்த்தாள். வலது கை முழுக்கச் சோறும் பருப்பும். டம்ளர் தந்தது இடது கை. வலது புறங்கையால் டம்ளரின் அடியைத் தொட்டு மரியாதையாகத்தான் தந்திருக்கிறாள்.

"சோத்துக் கையால தர முடியுமா? எச்சில்லா?"

"அப்ப வலது கை நிறைஞ்சிருந்தா எடது கையால தரலாம்?"

"பந்தியில தரலாம்," என்றாள். பிறகு சோறு அள்ளப்போன கையை நிறுத்தினாள். "சீட்டு பிடிச்ச கையும் நிறைஞ்ச கைதான், இல்லியா?"

மறுநாள் மைதானத்தில் அஸ்வதிதான் பேசினாள், நான் பேசவில்லை. "பந்தியில இருக்கோம்னு நினைச்சுக்கிடுங்க. வலது கையில சோறு. எடது கையால வாங்குங்க, வலது புறங்கையால தொட்டுக்கிடுங்க." ஜிஜின் யோசித்துவிட்டு, "பந்தின்னா போதகரே அப்பிடித்தான் வாங்குவாரு" என்றான். அவ்வளவுதான். கூச்சம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "அபிஜித்தே, நீதான் சீட்டு எழுதிக் கொடுக்கணும். எப்பிடியாவது நிறுத்தப் பாரு," என்றார். அவன் மூளையைப் பயன்படுத்தினான். மற்ற எல்லோருடைய சீட்டிலும் ஒரே மூலைக் கட்டத்தின் எண்ணை எழுதினான், அந்த மூலையில் நின்ற என்னை எல்லோருக்கும் அனுப்ப வைத்தான். நடுவில் நாலு பேர் வலது கையோடு வட்டமாக மாட்டினார்கள். அப்போது ஜிஜினின் இடது கை பின்னாலிருந்து வந்தது, ஒரு சீட்டு நகர்ந்தது, வட்டம் அவிழ்ந்தது. பிறகு பல முறை மாட்டி, பல முறை அவிழ்ந்தது. சார் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். கடைசியில் அபிஜித், "போரும் சார், எனக்கு கை வலிக்கு," என்று பென்சிலை வைத்தான்.

நெய்யாற்றின்கரைக்கு நாங்கள்தான் போகிறோம்.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகள் இடது கையை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். வலது கைக்குச் சீட்டு வந்ததும்தான் அது முன்னால் வருகிறது. பந்தியிலும் அப்படித்தான், சோற்றில் கை வைத்த பிறகுதான் இடது கை மடியிலிருந்து எழுந்து இலைப் பக்கம் வருகிறது. உங்கள் சிப்பில் இடது கை எந்நேரமும் விழித்திருந்து மின்சாரம் குடிக்க வேண்டுமா? உட்காருகிற பிள்ளை போல அதுவும் தூங்கக் கூடாதா?

லிஜி


பெங்களூர்
14.11.1997

அன்புள்ள லிஜி,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு மெஸ்ஸுக்குப் போக மறந்தேன்.

பிள்ளையை முழுதாகத் தூங்க வைப்பது எனக்குத் தெரியும். ஒரு கையை மட்டும் தூங்க வைக்கலாம் என்று நினைக்கவில்லை. எழும்ப நேரமாகும், அதற்குள் சீட்டு வந்து நிற்கும் என்ற பயம். ஆனால் நீ எழுதியபடி, வலது கை நிறைந்த அந்த நொடியே இடது கையை எழுப்பிவிட்டால், அடுத்த சீட்டு வருவதற்குள் அது தயாராக இருக்கும். ஓட்டிப் பார்த்தேன். எல்லோரும் ஒன்றாக அனுப்பினாலும் நிற்கவில்லை. மற்ற நேரங்களில் இடது கை பெரும்பாலும் தூங்குகிறது. செலவு கொஞ்சம்தான் கூடியது.

நேற்று ஆராய்ச்சிக் குழுவில் சொன்னேன். இந்த யோசனை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார்கள். எங்கள் சபை அசனத்தில் என்றேன். ஒரு பேராசிரியர் அதை ஏதோ மாநாடு என்று நினைத்துப் பேனாவைத் திறந்து, "எந்த வருட மாநாடு, எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தங்கையன் மாமா தண்ணீர் கொடுத்த பக்கம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. வேலையைத் தொடரச் சொல்லிவிட்டார்கள்.

மேளாவுக்கு வர முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாறேன். சுவாமிதாஸ் மாமாவின் ஹார்லிக்ஸ் தீர்ந்துவிட்டது, அதை மட்டும் அம்மாவிடம் சொல்லாதே.

ஜாய்


பாறசாலை
23.11.1997

அன்புள்ள ஜாய் அண்ணனுக்கு,

நேற்று போய் வந்தோம். ஜிஜினுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாக நிற்க அபிஜித்தைக் கேட்க வேண்டியதாயிற்று. "எரிமலைக்காரன சிப்புல நிறுத்தப்பிடாது," என்றான். ஆனால் நான் கேட்கும் முன்பே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றான்.

மைதானத்தில் எங்கள் முறை மத்தியானம் வந்தது. நடுவர்கள் மூன்று பேர். அதில் ஒரு டீச்சர் தாமே சீட்டு எழுதிக் கொடுத்தார். பாதியில் துலாமழை இறங்கியது. ஓரத்துக் கட்டத்தில் நின்ற இரண்டு பேர் வராந்தாவுக்கு ஓடிவிட்டார்கள். மற்றவர்களும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் நகரவில்லை. அந்த இரண்டு கட்டங்களையும் சுற்றிச் சீட்டுகள் போயின. ஓடியவர்களுக்கு வந்த சீட்டுகளைப் பக்கத்துப் பிள்ளைகள் காலடியில் போட்டுக்கொண்டார்கள். மை கரைந்து எண் தெரியாமல் போகும் வரை ஓட்டினோம். டீச்சர் குடைக்குள் நின்று, "இது கொள்ளாமல்லோ, மழையும் இதினெ நிர்த்தூலா" என்று பக்கத்து நடுவரிடம் மலையாளத்தில் மெச்சினார். ஈரத்தில் நான் அழுதேனா என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு எதற்குத் தெரியுமா? வேறொரு பள்ளிக்கூடத்தின் எரிமலைக்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கால் வைக்க இடம் இல்லை. கண்டக்டர் பின்னால் மாட்டிக்கொண்டு, "முன்ன நிக்குதவங்க காசக் கை மாத்தி விடுங்க," என்றார். எல்லோருடைய வலது கையும் மேல்கம்பியில். காசு இடது கை இடது கையாகப் பின்னால் போயிற்று, டிக்கெட்டுகள் அப்படியே முன்னால் வந்தன. அஸ்வதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நடுவில் அபிஜித் நின்று, "நம்ம எரிமலையக் கொண்டுபோயிருந்தா முதல் பரிசாக்கும், கேட்டியளா சார்?" என்று பாறசாலை வரை சொல்லிக்கொண்டே வந்தான். வாய் ஓயவில்லை. ஆனால் அவன் கை வழியாகப் போன டிக்கெட் ஒன்றுகூட நிற்கவில்லை.

உங்கள் தங்கை,
லிஜி